கசினோவுக்கு லைசன்ஸ் இருக்கிறது. தோற்ற காசுக்குப் பொறுப்பு யார்?

வெள்ளவத்தையில் இருந்து ஒரு பெண் கேட்ட கேள்விக்கான பதில் இது. அவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். கணவர் ஒன்றரை வருடமாகக் கொழும்பில் லைசன்ஸ் உள்ள ஒரு கசினோவுக்குப் போய் வருகிறார். முதலில் சேமிப்புக் கரைந்தது, அப்புறம் நகைகள் அடகுக்குப் போயின, இப்போது தாலிக்கொடியும் வங்கியில். மாமி சொல்கிறாராம்: "அவன் என்ன களவெடுக்கிறானா? அரசாங்கம் அனுமதிச்ச இடத்துக்குத்தானே போறான்." அண்ணா சொல்கிறாராம்: "கசினோக்காரன் மேல கேஸ் போடு, காசு திரும்பி வரும்." இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இவர் கேட்கிறார்: லைசன்ஸ் கொடுத்து வரி வாங்கும் அரசாங்கத்துக்கும், லைசன்ஸை மாட்டி வைத்திருக்கும் இடத்துக்கும் எந்தப் பொறுப்பும் இல்லையா? எல்லாம் கணவர் தலையில்தானா?

எனக்குப் படுவது, இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. போன காசைத் திருப்பி எடுக்கலாமா என்பது ஒன்று. இன்னொன்றை நீங்கள் நேராக எழுதவில்லை, ஆனால் ஒவ்வொரு வரியிலும் அது தெரிகிறது: இந்த மனிசனை நான் என்னவென்று நினைப்பது? குற்றவாளி என்றா, நோயாளி என்றா, ஏமாந்தவர் என்றா? நான் சட்டத்தரணி. புதுக்கடை நீதிமன்றங்களில் 26 வருடமாகக் காணி, கடன், குடும்ப வழக்குகள் பேசுகிறேன். முதல் கேள்விக்குப் பெருமளவு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதில் என் தொழில் பாதி வழிதான் கூட வரும். மீதி வழிக்கு வைத்தியர் வேண்டும்.

மாமியின் வாதத்தில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைத்தான் அதிகம் பேர் நம்புகிறார்கள். அனுமதிப்பத்திரம் என்பது அரசாங்கத்துக்கும் முதலாளிக்கும் இடையிலான காகிதம். இந்த இடத்தில், இன்ன கட்டணம் கட்டி, இந்தத் தொழிலைச் செய்தால் பொலிஸ் உன்னைப் பிடிக்காது என்று அது சொல்கிறது. அவ்வளவுதான். மேசையில் உட்காருகிறவரைப் பற்றி அதில் பேச்சில்லை. வைன் ஸ்டோர்ஸுக்கும் லைசன்ஸ் சுவரில் தொங்குகிறது. அதைக் காட்டி "குடி உடம்புக்கு நல்லது என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது" என்று எந்த மாமியும் சொல்லமாட்டார். சட்டப்படி நடக்கும் இடம் என்பதும் காசு பாதுகாப்பாக இருக்கும் இடம் என்பதும் வேறு வேறு விஷயங்கள். சொல்லப்போனால், கள்ளச் சூதாட்ட அறையில் சீட்டை மாற்றிப் போட்டு ஏமாற்றுவார்கள். லைசன்ஸ் உள்ள இடத்தில் அதற்கு அவசியமே இல்லை, கணக்கே அவர்கள் பக்கம்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். ஒற்றைப் பூச்சியம் உள்ள ரூலெட் சக்கரத்தில் பந்து விழும் குழிகள் 37. ஒரு இலக்கத்தில் காசு வைத்து அது விழுந்தால் 35 மடங்கு தருகிறார்கள், வைத்த காசும் திரும்புகிறது. நியாயப்படி 36 மடங்கு தரவேண்டும். அந்த ஒரு மடங்கு வித்தியாசத்தில், வைக்கப்படும் ஒவ்வொரு 100 ரூபாவிலும் சராசரியாக 2 ரூபா 70 சதம் கசினோவுக்குப் போகிறது. கேட்டால் சின்னத் தொகைதான். ஆனால் உங்கள் கணவர் ஒரு இலட்சம் ரூபாவுடன் உட்கார்ந்தால் அந்த இலட்சத்தை ஒரு தடவையா வைக்கிறார்? வென்றதையும் சேர்த்துத் திரும்பத் திரும்ப வைக்கிறார். ஒரு இரவில் மேசையைக் கடந்த தொகை 30 இலட்சம் என்றால் அதன் 2.7 வீதம் 81,000 ரூபா. இலட்சத்தில் ஐந்தில் நாலு பங்கு போய்விட்டது, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பூச்சியம் இரண்டு உள்ள சக்கரமாக இருந்தால் இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. சாப்பாடு, குடி, வீடு வரை காரில் கொண்டுவந்து விடுவது எல்லாம் ஓசியில் கிடைக்கிறதே என்று இங்கே பலர் பெருமையாகச் சொல்வார்கள். அதற்கெல்லாம் காசு இந்த 2.7 இலிருந்துதான் வருகிறது.

அரசாங்கத்தின் பங்கைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் நாட்டின் வரலாறு இதில் கொஞ்சம் விசித்திரமானது. 1889 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டம் பொது இடத்தில் சூதாடுவதையும் சூதாட்ட இடம் நடத்துவதையும் குற்றமாக்கியது. சேவல் சண்டையைக்கூட விடவில்லை. குதிரைப் பந்தயத்துக்கு 1930 இல் தனிச் சட்டம். பிறகு 1988 இல் பந்தயம், சூதாட்டம் மீது அறவீடு வாங்க ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதாவது இறைவரித் திணைக்களம் கசினோக்களிடம் காசு வாங்கத் தொடங்கிவிட்டது. கசினோவை முறைப்படுத்தும் சட்டம் வந்தது எப்போது? 2010 இல். 22 வருடம் கழித்து! அதன் கீழ் அனுமதிப்பத்திரத்துக்கான விரிவான விதிகள் வர்த்தமானியில் வந்தது 2022 இல். முதலில் உண்டியல், அப்புறம் கோயில் என்று என் சீனியர் ஒருவர் சொல்லிச் சிரிப்பார்.

2023 இல் கசினோவுக்கான ஆண்டு அறவீட்டை 500 மில்லியன் ரூபாவாக உயர்த்தினார்கள். அதற்கு மேல் மொத்த வசூலில் ஒரு பங்கு. 15 வீதமாக இருந்தது 2025 இல் 18 வீதமானது. உள்ளே போகும் இலங்கையருக்கான நுழைவு அறவீடும் 50 டொலரிலிருந்து 100 டொலரானது. அதே வருடம்தான் கொம்பனித்தெருவில் சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் கசினோவும் திறந்தது. மக்காவில் தொழில் செய்யும் மெல்கோ நிறுவனத்துக்கு 20 வருட அனுமதிப்பத்திரம். சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை நிறுவும் சட்டமும் 2025 இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பழைய மூன்று சட்டங்களுக்குப் பதிலாக, இணையச் சூதாட்டம், கப்பல், துறைமுக நகரம் எல்லாவற்றையும் ஒரே அதிகாரத்தின் கீழ் கொண்டுவருவது அதன் திட்டம். சமூகத்துக்கு வரும் தீங்கைக் குறைப்பதும் நோக்கங்களில் ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள். நோக்கம் என்று எழுதுவதால் உங்கள் கையில் ஒரு உரிமை வந்துவிடாது. விதிகளும் அவற்றை நடைமுறைப்படுத்தும் ஆட்களும் வந்தபிறகுதான் அதன் பல் தெரியும்.

அரசாங்கம் வசூலில் வீதம் வாங்குகிறது என்றால், உங்கள் கணவர் அதிகம் விளையாடும் மாதத்தில் அரசாங்கத்துக்கும் அதிகம் கிடைக்கிறது. இது நெருடத்தான் செய்கிறது. ஒழுங்காகப் பார்த்தால் லொத்தர் விஷயத்தில் அரசாங்கம் பங்காளியாகக்கூட இல்லை, அதுவே முதலாளி. தேசிய லொத்தர் சபை 1963 இலிருந்து நடக்கிறது, அபிவிருத்தி லொத்தர் சபை தனி. சந்திக்குச் சந்தி பெட்டிக்கடை, 40 ரூபாவுக்கு ஒரு சீட்டு, கோயில் வாசலிலும் விற்பனை. லொத்தர் சீட்டு எடுப்பவரை யாரும் சூதாடி என்று சொல்வதில்லை. உங்கள் மாமியின் கைப்பையைத் திறந்து பார்த்தால் ஒன்றிரண்டு இருக்கலாம், கோபிக்காதீர்கள். ஆனால் நெருடுவதும் வழக்கில் வெல்வதும் வேறு. சட்டம் அதிகாரம் கொடுத்து ஒரு அமைச்சர் அனுமதிப்பத்திரம் வழங்கினால், அந்த இடத்தில் ஒருவர் தோற்றதற்கு அரசாங்கம் நட்டஈடு தரவேண்டும் என்று வழக்காடுவது வீண் செலவு. இதை உறுதியாகச் சொல்கிறேன்.

இனி அண்ணாவின் யோசனை. கசினோ மேல் வழக்கு. இங்கே, இந்த மாதிரி ஒரு வழக்கில் வாதாடி வென்ற யாரையும் என் 26 வருடத்தில் நான் சந்தித்ததில்லை. ஆகவே நீதிபதி எப்படி யோசிப்பார் என்று பார்க்க வெளிநாட்டுத் தீர்ப்புகளுக்குப் போகவேண்டும். அவை எங்கள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் வாதத்தில் மதித்துக் கேட்பார்கள். இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன்.

முதலாவது அவுஸ்திரேலியாவில். ககாவாஸ் என்பவர் மெல்பேர்னில் உள்ள கிரவுன் கசினோவில் 2005 நடுப்பகுதிக்கும் 2006 ஓகஸ்டுக்கும் இடையில் பக்கரா என்ற சீட்டாட்டத்தில் 2 கோடி 5 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தோற்றார். அவர் ஒரு காலத்தில் தன்னை உள்ளே விடவேண்டாம் என்று அதே கசினோவிடம் எழுதிக் கொடுத்திருந்தவர். பிறகு அந்தத் தடை நீக்கப்பட்டது, தனி விமானம், தள்ளுபடி என்று ஆசை காட்டி அழைத்தார்கள். என் பலவீனம் தெரிந்தே என்னைச் சுரண்டினார்கள் என்பது அவர் வாதம். 2013 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தள்ளுபடி செய்தது. காரணம் கவனிக்கத் தக்கது: தள்ளுபடி வீதத்தை நன்றாகப் பேரம் பேசத் தெரிந்தவர், வேண்டாம் என்றால் போகாமல் இருக்கவும் முடிந்தவர், தன் நலனைத் தானே பார்க்க முடியாதவர் என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம்.

இரண்டாவது இங்கிலாந்தில். கல்வெர்ட் என்ற நாய்ப்பந்தயப் பயிற்சியாளர் வில்லியம் ஹில் என்ற பந்தய நிறுவனத்திடம், என் தொலைபேசிக் கணக்கை ஆறு மாதத்துக்கு மூடுங்கள் என்று கேட்டார். சரி என்றார்கள், மூடவில்லை. அவர் ஏறத்தாழ 20 இலட்சம் பவுண் தோற்றார். 2008 இல் வந்த தீர்ப்பை நான் இளம் சட்டத்தரணிகளுக்கு அடிக்கடி சொல்வேன். மூடுகிறோம் என்று ஏற்றுக்கொண்டபின் அதை ஒழுங்காகச் செய்யும் கடமை நிறுவனத்துக்கு வந்துவிட்டது, அதில் அவர்கள் தவறினார்கள். இதுவரை அவர் பக்கம். ஆனால் இந்தக் கதவு மூடியிருந்தாலும் அவர் வேறு கதவு தேடிப் போய் அழிந்திருப்பார், ஆகவே நட்டம் இவர்களால் வந்தது என்று சொல்ல முடியாது. காசு கிடைக்கவில்லை. மேன்முறையீட்டிலும் அதே முடிவு.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு கோடு தெரிகிறது. ஒரு வளர்ந்த மனிதன் தானாக நடந்துபோய் உட்காரும் வரை சட்டம் பொறுப்பை அவன் மடியில்தான் வைக்கிறது. "என்னால் முடியவில்லை, என்னை உள்ளே விடாதீர்கள்" என்று அவன் எழுதிக் கொடுத்து, அந்தப் பக்கம் அதை ஏற்றுக்கொண்ட நிமிடத்தில் பொறுப்பின் ஒரு பகுதி மேசைக்கு மற்றப் பக்கம் நகர்கிறது. சிங்கப்பூர் இதை நீதிமன்றத்துக்கு விடாமல் சட்டத்திலேயே எழுதிவைத்தது. அங்கே தன்னைத் தானே தடை செய்துகொள்ளலாம், குடும்பத்தவர் விண்ணப்பித்தும் ஒருவருக்குத் தடை வாங்கலாம். உள்நாட்டவருக்கு ஒரு நாள் நுழைவுக்கு 150 சிங்கப்பூர் டொலர். எங்கள் அதிகாரசபை விதி எழுதும்போது வேறு எதைச் செய்யாவிட்டாலும் குடும்பம் கேட்டால் தடை என்பதைக் கொண்டுவரவேண்டும் என்பது என் அபிப்பிராயம். நுழைவுக் காசைக் கூட்டுவதால் மட்டும் ஆகாது. 100 டொலர் கட்டியவர் அதையும் சேர்த்து எடுத்துவிட்டுத்தான் எழும்புவேன் என்று உட்காருவார்.

தொழிலில் நேரில் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர் என்னிடம் வந்து, தன்னை இனி உள்ளே விடவேண்டாம் என்று தான் போகும் கசினோவுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். எழுதினோம், பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒரு மாதம் போகவில்லை, அவருடைய பிறந்தநாளுக்கு அந்த இடத்திலிருந்து வாழ்த்துச் செய்தி, இரவுச் சாப்பாட்டுக்கு அழைப்பு, கார் அனுப்பவா என்று கேள்வி. அவர் போனார். கடிதத்தின் பிரதி என் கோப்பில் இருந்தும் அவர் வழக்குக்குச் சம்மதிக்கவில்லை. பெயர் வெளியே வந்துவிடுமே என்ற பயம். கடைசியில் கடையை மச்சான் எடுத்து நடத்துகிறார்.

எங்கள் சட்டத்தின் அடியில் இருக்கும் ரோமன் டச்சுச் சட்டம் சூதுக் கடனைப் பற்றிச் சொல்வது பழைய கிராமத்து நியாயம் போல இருக்கும். தோற்றவன் கொடுக்காவிட்டால் வென்றவன் நீதிமன்றம் வரமுடியாது. கொடுத்துவிட்டானென்றால் திருப்பிக் கேட்கவும் முடியாது. ஆகவே போன காசு போனதுதான். லைசன்ஸ் உள்ள இடம் கடனாகக் கொடுத்த சிப்ஸுக்கு, அதாவது மேசையில் காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லைகளுக்கு, இதே விதி பொருந்துமா என்பதில் வாதத்துக்கு இடமிருக்கிறது. சட்டமே அனுமதித்த தொழிலின் கடன் எப்படிச் சட்டத்துக்குப் புறம்பாகும் என்று மறுபக்கம் கேட்கலாம், அந்தக் கேள்விக்கு வலு உண்டு. அதனால் அப்படி ஒரு கடன் இருந்தால் "இது செல்லாது" என்று அலட்சியமாக இருக்கவேண்டாம்.

வெளியே வட்டிக்கு வாங்கியது வேறு கதை, அங்கே உங்களுக்குப் பிடி இருக்கிறது. 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி வழக்கில் கேட்கக்கூடிய வட்டி முதலை மிஞ்ச முடியாது. ஐந்து இலட்சம் கொடுத்தவர் வட்டியாகப் பன்னிரண்டு இலட்சம் கேட்டு வாசலில் நின்றால் இதைச் சொல்லுங்கள். 1918 ஆம் ஆண்டின் பணம் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம், அநியாய வட்டியென்றால் கணக்கை மறுபடி திறந்து பார்க்க நீதிபதிக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் இதெல்லாம் உதவவேண்டுமென்றால் ஒரு காரியத்தை நிறுத்தவேண்டும்: வெற்றுப் புரோமிசரி நோட்டிலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்துப் போடுவது. காசில்லாமல் திரும்பிய காசோலை இங்கே குற்றவியல் விவகாரமாகவும் மாறும். உங்களைப் பிணை நிற்கச் சொன்னால், அழுதாலும் காலில் விழுந்தாலும், நிற்காதீர்கள்.

சொத்து விஷயத்துக்கு வருகிறேன். இருவரும் யாழ்ப்பாணப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் கொழும்பில் இருந்தாலும் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை உங்களுக்குப் பொருந்த வாய்ப்பு அதிகம். பாஞ்சாலி சபையில் கேட்டது ஒரு சட்டக் கேள்வி என்று நான் எப்போதும் நினைப்பேன்: தன்னையே தோற்றவருக்கு என்னை வைத்து ஆட என்ன உரித்து? பெரியவர்கள் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அவர்களைவிடத் தெளிவாகச் சொல்கிறது. மனைவியின் தனிச் சொத்து, சீதனம் உட்பட, கணவனுடைய கடனுக்குப் பொறுப்பாகாது. அந்தச் சொத்தையே பராமரிக்கவோ பயிரிடவோ பட்ட கடன் போன்றவை விலக்கு. கல்யாணத்துக்குப் பிறகு விலை கொடுத்து வாங்கியது தேடியதேட்டம், அதில் இருவருக்கும் பாதிப் பாதி. ஆனால் இப்போதெல்லாம் சீதன உறுதியை மாப்பிள்ளை பெயரையும் சேர்த்து எழுதுகிறார்கள். அப்படி எழுதியிருந்தால் பாதி அவருடையது, நான் மேலே சொன்ன பாதுகாப்பும் பாதிக்குத்தான். மறுபக்கம், உங்கள் அசையாச் சொத்தை நீங்கள் விற்கவும் இதே சட்டப்படி கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911 இல் எழுதியது, இன்றும் அப்படியே கிடக்கிறது.

வீட்டுச் செலவுக்குக் காசு தராவிட்டால் 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். உங்களைப் போன்றவர்களுக்கு அதில் பெறுமதியான விஷயம், கட்டளையை மீறினால் அவர் வேலை செய்யும் இடத்தில் சம்பளத்திலேயே பிடிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். காசு மேசைக்குப் போவதற்கு முன்னமே பிள்ளைகளின் பங்கு வந்துவிடும். காசு கேட்டு அடி, மிரட்டல், திரும்பத் திரும்பக் கொடுமை என்று போனால் 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. உங்களை நடுத்தெருவில் விடும்படி குடும்ப வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ கூடாதென்று பாதுகாப்புக் கட்டளையில் தடை போடவும் அதில் இடமுண்டு. வன்முறையே இல்லையென்றால் அந்தச் சட்டத்தை இழுக்கவேண்டாம், பொய்யாக ஒன்றைச் சேர்த்தால் மீதி உண்மையும் கெட்டுப்போகும். ரோமன் டச்சு நூல்களில் ஊதாரிக்குப் பொறுப்பாளர் நியமிக்கும் வழி ஒன்றும் இருக்கிறது. ஒரு கட்சிக்காரருக்கும் நான் அதை நாடியதில்லை, உங்களுக்கும் முதல் வழியாகச் சொல்லமாட்டேன்.

எழுதாமல் விட்ட அந்த இரண்டாவது கேள்விக்கு இப்போது வருகிறேன். என் அப்பா புக்கிக்கு, அதாவது குதிரைப் பந்தயம் கட்டும் கடைக்கு, போனவர். கொழும்பு ரேஸ் கோர்ஸில் குதிரை ஓடுவது ஐம்பதுகளிலேயே நின்றுவிட்டது. ஆனால் லண்டன் ரேஸுக்கு இங்கே பந்தயம் கட்டலாம். சனிக்கிழமை காலையில் ரேஸ் பேப்பரை விரித்து, என்னிடம் குதிரைப் பெயர்களை வாசிக்கச் சொல்வார். என் ஆங்கிலத்தில் பாதி அப்படி வந்தது. பத்து ரூபா, மிஞ்சினால் இருபது. தோற்றால் அடுத்த சனி வரை பேச்சில்லை. அவர் வீட்டை விற்கவில்லை, அம்மாவின் காப்பைக் கேட்கவில்லை. சொந்தப் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறது என்று நான் நம்புவதற்கு அவர்தான் காரணம். பெரும்பாலானவர்கள் அப்பா மாதிரித்தான். உங்கள் கணவர் இப்போது அந்த ஆளாக இல்லை. தோற்றதை மீட்கத் திரும்பப் போவது, தொகையைப் பொய் சொல்வது, தாலிக்கொடி வரைக்கும் கை நீள்வது, இவற்றை நான் கட்சிக்காரர்களிடம் பார்த்தபோதெல்லாம் "இனி மாட்டேன்" என்ற சத்தியம் ஒரு மாதம் தாண்டவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11 ஆம் பதிப்பு சூதாட்டக் கோளாறைக் குடி, போதைப் பழக்கங்களுடன் ஒரே குடும்பத்தில் வைத்திருக்கிறது. அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 2013 இலேயே அப்படி மாற்றிவிட்டது. உங்கள் கணவருக்கு அது இருக்கிறதா என்று நான் சொல்லக்கூடாது, பார்த்துச் சொல்லவேண்டியவர் மனநல வைத்தியர். அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்குக் குடும்பத்தவரும் அழைக்கலாம். அங்கொடை என்ற பெயரைக் கேட்டே பயப்படுகிறவர் என்றால் பெயரைச் சொல்லாமல் இலக்கத்தை மட்டும் கொடுங்கள்.

நோய் என்று சொன்னால் பொறுப்பிலிருந்து விடுதலை என்று அர்த்தமா என்று அண்ணா கேட்பார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் தடவை போனது அவர் விருப்பம். பொய் சொன்னதும் அவர் செய்ததுதான். இன்று இரவு போகாமல் இருப்பது அவரால் தனியே முடியாத காரியமாக இருக்கலாம். ஆனால் உதவிக்கு ஒத்துக்கொள்வதும், அந்தத் தடைக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதும், வங்கி அட்டையை உங்களிடம் தருவதும் அவரால் முடிந்தவை. அவற்றைத்தான் அவரிடம் கேட்கவேண்டும். "இனி விளையாட மாட்டேன் என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் பண்ணு" என்று கேட்காதீர்கள். கடிதம் அவர் பெயரில், அவர் கையெழுத்தில், பதிவுத் தபாலில் போகட்டும். விளம்பரச் செய்திப் பட்டியலிலிருந்தும் தன் இலக்கத்தை நீக்கச் சொல்லட்டும். தபால் பற்றுச்சீட்டை நீங்கள் வைத்திருங்கள். கல்வெர்ட் வழக்கைப் போல் காசு வராமல் போகலாம், ஆனாலும் ஏற்றுக்கொண்டோம் என்று அவர்கள் ஒரு வரி பதில் எழுதினால் நிலைமை வேறு. கசினோவுக்குப் போகாமல் போனில் ஏதாவது வெளிநாட்டு ஆப்பில் விளையாடத் தொடங்கினால் அங்கே கடிதம் அனுப்பக்கூட முகவரி இருக்காது, ஆகவே போனையும் கவனியுங்கள்.

கடைசியாக, உங்கள் கேள்வியில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது: வீட்டு உறுதி மாமியின் அலுமாரியில் இருக்கிறது என்றீர்கள். அதைக் கேட்டுச் சண்டை பிடிக்கத் தேவையில்லை. அந்தக் காணிக்குரிய காணிப் பதிவகத்துக்குப் போய்ப் பதிவேட்டின் பிரதியை எடுங்கள், யார் பெயரில் இருக்கிறது, ஏற்கெனவே ஈடு ஏதும் ஏறியிருக்கிறதா என்று அதில் தெரியும். அதே கையோடு ஒரு கேவியட் பதியலாமா என்று நொத்தாரிசிடம் கேளுங்கள். பதிந்தால், அந்தக் காணி மேல் யாராவது ஒரு உறுதியைப் பதிவுக்குக் கொண்டுவரும்போது உங்களுக்கு அறிவித்தல் வரும். இதை இந்தக் கிழமைக்குள் செய்யுங்கள், மற்றதெல்லாம் அடுத்த கிழமை பார்த்துக்கொள்ளலாம்.